வாய் பேசா உறுப்பின் செய்தி

உடலுறுப்புக்களுட் பல, தமக்கு நேர்ந்த கேட்டை உடனே முறையிடும் இயல்பின. பல் பழுதுற்றால் வலிக்கும். காதிற் சீழ் பிடித்தால் குத்தும். குடல் கெட்டால் வயிறு முறுக்கும். சிறுநீரகம் அவ்வாறு முறையிடுவதில்லை. தன் ஆற்றலிற் பாதியை இழந்த பின்னரும் எஞ்சிய பாதியைக்கொண்டு உடலின் கணக்கை அது ஒருவாறு சரிக்கட்டி வருகின்றது. குழந்தைக்கோ தன் உடலில் நிகழும் மாற்றத்தை எடுத்துச் சொல்லத் தெரியாது. பேசாத உறுப்பும் சொல்லத் தெரியாத நோயாளியும் ஒன்றுசேர்ந்தால், வைத்தியர் எதனைக்கொண்டு நோயை அறிவது? அந்த உறுப்பினூடாகச் செல்லும் குருதியையும், அது வடித்து வெளிவிடும் சிறுநீரையுமே கேட்டறிய வேண்டும். அவ்விரண்டிலும் உள்ள சில பொருள்கள் கூடுவதும் குறைவதும் நோயின் செய்தியைத் தாங்கி வருகின்றன. அப்பொருள்களை இக்கால மருத்துவ நூலார் உயிரியற் குறிகாட்டிகள் என்பர். அவை எவை, ஒவ்வொன்றும் எதனைச் சொல்லும், எதனைச் சொல்லாது என்பன குழந்தைகளை வளர்ப்போர் யாவரும் ஓரளவேனும் அறிந்திருக்க வேண்டிய செய்திகளாகும்.

நீரைப் பார்த்து நோயை அறியும் எண்ணம் தமிழருக்குப் புதியதன்று. சித்த வைத்தியத்தின் எண்வகைத் தேர்வுகளுள் சிறுநீரைத் தேர்வதும் ஒன்று. நீரின் நிறம், மணம், நுரை முதலியவற்றை நோக்கி நோயைத் துணிவதை நீர்க்குறி என்றும், அந்நீரில் இட்ட எண்ணெய்த் துளி பரவும் விதத்தை நோக்கித் துணிவதை நெய்க்குறி என்றும் முன்னோர் வழங்கினர். தேரையர் பெயரால் இத்துறைக்குத் தனி நூல்களும் உள. மேனாட்டில், 1827ஆம் ஆண்டில், இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த றிச்சாட் பிறைற் என்னும் வைத்தியர் தம் ஆய்வுகளை வெளியிட்டார். உடல் வீங்கிய நோயாளரின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுதிரிச் சுடரிற் காய்ச்சினால், முட்டையின் வெண்கரு போல அது திரள்வதை அவர் கண்டார். அத்தகையோர் இறந்தபின் அவர்தம் உடலை அறுத்து நோக்கியபோது சிறுநீரகங்கள் கெட்டிருக்கவும் கண்டார். வீக்கம், திரளும் சிறுநீர், கெட்ட சிறுநீரகம் ஆகிய மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்பது அவரால் உலகுக்குப் புலனாயிற்று. கரண்டியில் திரண்ட அப்பொருள் அல்புமின் என்னும் புரதம். சிறுநீரக நோயின் குறிகாட்டிகளுள் மூத்தது அதுவே. இன்றும் அதன் மதிப்புக் குறைந்திலது.

அப்புரதம் ஏன் சிறுநீரில் வருகின்றது என்பதை அறியச் சிறுநீரகத்தின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறையப் பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் உள்ளன. ஒவ்வொன்றும் இரு பகுதிகளைக் கொண்டது. தலைப்பிலே நுண்ணிய குருதிக் குழாய்கள் பந்துபோலச் சுருண்டு அமைந்த வடிகட்டி. அதன் கீழே நீண்டு வளைந்து செல்லும் சிறுகுழாய். வடிகட்டி குருதியிலிருந்து நீரையும் கழிவுகளையும் வடிக்கின்றது. வளர்ந்த ஒருவரில் இவ்வாறு வடியும் நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றராகும். சிறுகுழாய் அதிற் பெரும்பகுதியை மீண்டும் உறிஞ்சிக்கொள்ள, ஒன்று அல்லது இரண்டு லீற்றர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகின்றது. வடிகட்டி செம்மையாக உள்ளவரை பருத்த புரதங்கள் குருதியிலேயே தங்கிவிடும். மா அரிக்கும் அரிதட்டிற் கிழிசல் விழுந்தால் மாவோடு கப்பியும் கீழே விழுவதன்றோ? அவ்வாறே வடிகட்டி பழுதுற்றால் அல்புமின் சிறுநீரில் இறங்குகின்றது. இன்னொன்றையும் இங்கே கருத்தில் இருத்த வேண்டும். சிறுநீரகத்திகள் யாவும் தாயின் வயிற்றிலேயே உருவாகி முடிகின்றன. பிறந்தபின் புதியன தோன்றா. ஐந்து வயதில் இழந்த சிறுநீரகத்தி ஐம்பது வயதிலும் இழந்ததே. குழந்தையின் நோயை முந்தி அறிதல் வேண்டும் என வைத்தியர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

அல்புமினை அறிதற்கு இன்று கரண்டியும் மெழுகுதிரியும் வேண்டா. 1950ஆம் ஆண்டுகளில் வழக்குக்கு வந்த தாட்பட்டி ஒன்றைச் சிறுநீரில் தோய்த்தெடுத்தால், அதன் நிறமாற்றமே புரதத்தின் அளவைக் காட்டும். எனினும் ஒருமுறை நிறம் மாறியதைக் கண்டு அஞ்சுதலும் ஆகாது. காய்ச்சலும் கடும் ஓட்டமும் சிறிது நேரத்துக்குப் புரதத்தை வெளிப்படுத்துவதுண்டு. வளரும் பருவத்துப் பிள்ளைகள் சிலருக்கு, நின்றும் நடந்தும் திரியும் பகற்பொழுதிற் புரதம் தோன்றி, படுத்துறங்கி எழுந்த காலைச் சிறுநீரில் அது இல்லாதொழியும், இது தீங்கற்றது. ஆதலினாலேயே விடியலில் முதன்முதற் கழிக்கும் சிறுநீரைக் கொண்டுவருமாறு வைத்தியர் கேட்கின்றனர். நாள் முழுவதும் சிறுநீரைச் சேர்த்து அளப்பது சிறு குழந்தைகளில் இயலாத காரியம். அதற்கு மாறாக, ஒரே மாதிரியிற் புரதத்தையும் கிரியேற்றினின் என்னும் கழிவுப்பொருளையும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுக்கின்றனர். நீர் குடித்தது கூடினாலும் குறைந்தாலும் இவ்விகிதம் பெரிதும் மாறாது. இரண்டு வயதைக் கடந்த பிள்ளையில் அது 0.2க்குக் குறைந்திருப்பது இயல்பு. 2க்கு மேற்பட்டால் வடிகட்டியிற் பெரும் பழுது உண்டென்பது தெளிவு.

அத்தகைய பெரும் பழுதுக்கு எடுத்துக்காட்டு நெப்ரோற்றிக் எனப்படும் நோய். பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் இது தோன்றும். காலையில் எழும்போது குழந்தையின் கண்ணிமைகள் வீங்கியிருக்கும். மாலையில் அவ்வீக்கம் வடிந்து கால்களில் இறங்கும். பெற்றோர் இதனைக் கண்ணோய் எனவோ ஒவ்வாமை எனவோ கருதி நாட்களைக் கழிப்பதுண்டு. சிறுநீரைத் தாட்பட்டியிற் சோதித்தால் உண்மை ஒரு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். குருதியில் அல்புமின் குறைந்தும் கொலஸ்திரோல் மிகுந்தும் இருக்கும். இக்குழந்தைகளுட் பெரும்பாலோர் பிரெட்னிசொலோன் என்னும் மருந்தினாற் சில வாரங்களிற் குணமடைகின்றனர். ஆனால் நோய் மீண்டும் மீண்டும் திரும்பும் இயல்பினது. ஆகவே தாயோ தந்தையோ காலைதோறும் சிறுநீரைச் சோதித்து முடிவை ஒரு கொப்பியிற் குறித்துவர வேண்டும். மூன்று நாட்கள் தொடர்ந்து பட்டி கடும் நிறம் காட்டினால், வீக்கம் தோன்றுமுன்னரே நோய் திரும்பியதை அறியலாம். எளிய குடும்பத்துத் தாய் எழுதும் அக்கொப்பி, பெரிய ஆய்வுகூடத்தின் அறிக்கைக்குச் சற்றும் தாழ்ந்ததன்று.

இந்நோயின் காரணம் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. வடிகட்டியின் நுண்ணிழைகளைப் பிணைத்து நிற்கும் நெப்ரின் என்னும் புரதம் 1998இற் கண்டறியப்பட்டது. நோயுற்றோர் பலரின் குருதியில் அந்நெப்ரினையே தாக்கும் பிறபொருளெதிரிகள் உள்ளன என்பதை 2022இலும் 2024இலும் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. நோய் மூளும்போது அவை மிகுந்தும், தணியும்போது குறைந்தும் காணப்பட்டன. ஆராயப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடமே அவை இருந்தன. எனினும், நோய் உண்டு என்று மட்டும் சொல்லி வந்த குறிகாட்டிகளுக்கு இடையில், நோய் எதனால் வந்தது என்று சொல்லும் குறிகாட்டி ஒன்று தோன்றியிருப்பது பெரும் முன்னேற்றமாகும்.

சிறுநீரின் நிறமே செய்தி சொல்லும் வேளையும் உண்டு. தொண்டைப்புண் வந்து ஒன்றிரண்டு வாரங்களின் பின்னரோ, சிரங்கு வந்து மூன்று முதல் ஆறு வாரங்களின் பின்னரோ, பிள்ளையின் சிறுநீர் பாலில்லாத தேநீர் போலக் கறுத்து வருமாயின், ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமியைத் தொடர்ந்து வரும் சிறுநீரக அழற்சி என ஐயுற வேண்டும். முகம் வீங்கும், குருதி அமுக்கம் உயரும். இங்கே குருதியிலுள்ள சி-3 என்னும் நிர்ப்பீடனப் புரதம் சிறந்த குறிகாட்டியாகின்றது. நோயின் தொடக்கத்தில் அது தாழ்ந்து, ஆறு முதல் எட்டு வாரங்களில் இயல்பு நிலைக்கு மீளும். மீண்டால் நோய் தானே தணியும் வகையினது எனலாம். மீளாது தாழ்ந்தே நின்றால், வேறொரு கொடிய நோய் மறைந்திருக்கக்கூடும் என்பதை அது எச்சரிக்கின்றது. ஒருமுறை அளந்த எண்ணைவிட, காலப்போக்கில் அவ்வெண் செல்லும் திசையே கூடுதலாகச் செய்தி தருகின்றது என்பதற்கு இது நல்ல சான்று.

கைக்குழந்தைகளின் செய்தி இன்னும் கவனமாகக் கேட்கத்தக்கது. காரணம் தெரியாத காய்ச்சலாற் குழந்தை துவண்டிருக்கும்போது சிறுநீர்ப் பாதையிற் கிருமி புகுந்திருத்தல் கூடும். தாட்பட்டியிலுள்ள நைத்திரைற்றுச் சோதனை இதனைக் காட்டுவது. ஆனால் கிருமிகள் நைத்திரைற்றை உண்டாக்குவதற்குச் சிறுநீர் சில மணிநேரமேனும் பையில் தங்குதல் வேண்டும். கைக்குழந்தையோ அடிக்கடி சிறுநீர் கழிப்பது. ஆதலாற் கிருமி இருந்தும் பட்டி நிறம் மாறாதிருத்தல் உண்டு. பெரியோரில் நம்பத்தக்க சோதனை குழந்தையிற் பொய் சொல்லுகின்றது. குழந்தை என்பது அளவிற் குறுகிய பெரியவர் அன்று என்னும் மருத்துவ உண்மை இங்கு விளங்கும்.

அவ்வுண்மை மிகத் தெளிவாக வெளிப்படுவது குருதியிலுள்ள கிரியேற்றினினை அளக்கும்போதாகும். இது தசைகளில் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டாகிச் சிறுநீரகத்தால் வெளியேற்றப்படும் கழிவு. சிறுநீரகம் தளர்ந்தால் இது குருதியில் தேங்கும். காரம் கலந்த பிக்கிரிக் அமிலத்தோடு இது சேரும்போது செம்மஞ்சள் நிறம் தோன்றும் என்பதை 1886இல் மக்ஸ் யாபே என்னும் ஜேர்மானிய அறிஞர் கண்டறிந்தார். சிறுநீரகம் எவ்வாறுள்ளது என்று கேட்கும் வைத்தியருக்கு ஆய்வுகூடம் முதலில் அனுப்பும் விடை இன்றும் பெரும்பாலும் இந்தக் கிரியேற்றினின் எண்ணேயாகும்.

ஆனால் அவ்வெண்ணைப் படிக்கும் முறையில் ஒரு பெரும் பொறி உள்ளது. கிரியேற்றினின் தசையிலிருந்து வருவது. குழந்தைக்குத் தசை குறைவு. ஆகவே நலமுள்ள குழந்தையில் அதன் அளவும் மிகக் குறைவாகவே இருக்கும். 90 சதமமீற்றர் உயரமுள்ள ஒரு குழந்தையின் 100 மில்லிலீற்றர் குருதியில் 0.7 மில்லிகிராம் கிரியேற்றினின் காணப்பட்டது எனக் கொள்வோம். வளர்ந்தோர்க்குரிய அளவுகோலை வைத்துப் பார்த்தால் அது முற்றிலும் இயல்பான எண். குழந்தைக்குரிய கணக்கோ வேறு. அமெரிக்க வைத்தியரான ஜோர்ஜ் சுவாட்ஸ் 1976இல் வகுத்து, 2009இற் புதுக்கிய விதியின்படி, சதமமீற்றரில் அளந்த உயரத்தை 0.413 ஆற் பெருக்கிக் கிரியேற்றினின் அளவால் வகுத்தல் வேண்டும். அவ்வாறு வகுத்தால், உடற்பரப்புக்கு ஒப்பிட்டுக் கணித்த வடிகட்டும் ஆற்றல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 மில்லிலீற்றர் என வரும். இரண்டு வயதைக் கடந்த நலமுள்ள குழந்தையில் அது 90க்கு மேலிருக்க வேண்டும். அஃதாவது, இயல்பு என அச்சிட்ட அந்த எண்ணுக்குள்ளே ஏறத்தாழப் பாதி ஆற்றலின் இழப்பு ஒளிந்து கிடக்கின்றது! உயரத்தை அளக்காது கிரியேற்றினினை மட்டும் பார்ப்பவர் இதனைக் காணமாட்டார். ஒரு சாதாரண அளவுநாடா, விலைமிக்க பொறிக்குக் கண்ணாக அமைவது இங்கேதான்.

வேறு தடைகளும் உள. பிறந்த சில நாட்களிற் குழந்தையின் குருதியிலுள்ள கிரியேற்றினின் பெரும்பாலும் தாயிடமிருந்து வந்தது. அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பற்றி ஒன்றும் கூறாது. ஊட்டம் குன்றி மெலிந்த பிள்ளைக்குத் தசை இன்னும் குறைவாதலின், சிறுநீரகம் நலிந்திருந்தும் எண் தாழ்ந்தே நிற்கும். வறுமை நோயையும் மறைத்துவிடுகின்றது. இத்தடையை நீக்க வந்ததே சிஸ்டற்றின்-சி என்னும் சிறு புரதம். கருவுடைய கலங்கள் யாவும் இதனை உண்டாக்குவதால் தசையின் அளவை இது சார்ந்திருப்பதில்லை. 1985 அளவில் இதனைச் சிறுநீரகத்தின் அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது எடுத்துக்காட்டப்பட்டது. ஆயினும் இதற்கும் குறையுண்டு. பிரெட்னிசொலோன் போன்ற மருந்துகளும் கேடயச் சுரப்பியின் கோளாறும் இதன் அளவை மாற்றிவிடும். ஆதலின் இரண்டையும் சேர்த்துக் கணிப்பதே செம்மையான முறையாகும்.

கிரியேற்றினினுக்கும் சிஸ்டற்றின்-சிக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டும் சிறுநீரகத்தின் வேலை குறைந்த பின்னர்த் தேங்குவன. அடிபட்ட கணத்தில் அறிவிப்பன அல்ல. வீடு எரிந்தபின் சாம்பலை அளப்பது போன்றது அது. புகையை முதலிற் காட்டும் பொருள் யாது என ஆராய்ந்தோர், காயமுற்ற சிறுகுழாய்க் கலங்கள் தாமே வெளிவிடும் புரதங்களைத் தேடினர். அவற்றுள் என்கால் எனச் சுருங்க வழங்குவதும், கிம்-1 என்பதும் பெயர்பெற்றவை. அமெரிக்காவின் சின்சினாற்றி நகரக் குழந்தைகள் வைத்தியசாலையில் இருதய சத்திரசிகிச்சை பெற்ற 71 குழந்தைகளின் சிறுநீரும் குருதியும் ஆராயப்பட்டு, முடிவுகள் 2005இல் வெளியாயின. அவர்களுள் 20 பேரின் சிறுநீரகங்கள் சத்திரசிகிச்சையின் பின் ஊறுற்றன. கிரியேற்றினின் அதனை ஒன்று முதல் மூன்று நாட்கள் கழித்தே காட்டிற்று; சிறுநீரிலுள்ள என்கால் இரண்டு மணிநேரத்திற் காட்டிவிட்டது. அந்த இடைவெளியில் வைத்தியர் நீரின் அளவைத் திருத்தலாம். சிறுநீரகத்துக்கு ஊறு செய்யும் மருந்தை நிறுத்தலாம். குழந்தைகளுக்கும் இளையோருக்கும் இச்சோதனையைப் பயன்படுத்த அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் அனுமதி வழங்கியது.

புதியது என்பதாற் பழுதற்றது என எண்ணலாகாது. என்கால் வெண்குருதிக் கலங்களிலிருந்தும் வருவதால், சிறுநீர்ப் பாதையிற் கிருமி இருப்பினும் அது உயரும். வயதுக்கேற்ப அதன் இயல்பளவும் வேறுபடும். இலங்கையில், வடமத்திய மாகாணத்து உழவரிடையே, காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி முதல் அறியப்பட்டு வருகின்றது. அந்நோயின் வித்து இளமையிலேயே ஊன்றப்படுகின்றதா என்னும் வினா, ஆய்வாளரைப் பள்ளிப் பிள்ளைகளின் சிறுநீரை ஆராயத் தூண்டிற்று. ஆனால் நோயை அறியுமுன் நலத்தின் அளவை அறிதல் வேண்டுமன்றோ? நலமுள்ள இலங்கைக் குழந்தைகளின் சிறுநீரில் என்காலும் கிம்-1உம் எவ்வளவு இருக்கும் என்னும் இயல்பளவுகளை இந்நாட்டு ஆய்வாளர் 2021இல் வெளியிட்டனர். ஆரவாரமற்ற பணி அது. எனினும் பிற்காலத்து ஆராய்ச்சிக்கு அதுவே அடிக்கல்லாகும்.

குறிகளை முந்தி அறிவதாற் பயன் என்ன என்று சிலர் வினவலாம். 2009இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகின்றது. நாட்பட்ட சிறுநீரக நோயுற்ற 385 குழந்தைகளிற் பாதிப் பேரின் குருதி அமுக்கம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கட்டுப்படுத்தப்பட்டது. ஐந்து ஆண்டுகளில், வழக்கமான முறையில் வைத்தியம் பெற்றோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 42 பேரின் சிறுநீரகம் பாதிக்குமேல் நலிந்தது அல்லது முற்றாகச் செயலிழந்தது. அமுக்கத்தை நன்கு தாழ்த்திய கூட்டத்தில் அத்தொகை 30 ஆகக் குறைந்தது. முந்தி அறிந்தால் நோயின் வேகத்தைத் தணிக்கலாம். மாற்றுச் சிறுநீரகத்தை நாடும் நாளைப் பிற்போடலாம். ஒரு குழந்தைக்கு அது பள்ளிப் பருவத்தின் சில ஆண்டுகளை மீட்டுக் கொடுப்பதாகும்.

ஜப்பான் நாடு 1974 முதல் பள்ளிப் பிள்ளைகளின் சிறுநீரை ஆண்டுதோறும் சோதித்து வருகின்றது. எவ்வித வருத்தமும் இன்றி மறைந்திருந்த நோய்கள் பல அதனால் வெளிப்பட்டன. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமோ, எல்லாப் பிள்ளைகளையும் வழக்கமாகச் சோதிப்பதை 2007இற் கைவிட்டது. பொய் எச்சரிக்கைகளால் விளையும் கவலையும் செலவும் மிகுதி என்பது அச்சங்கத்தின் கருத்து. இரு பக்கத்தும் நியாயம் உண்டு. எனினும் ஐயத்துக்கு இடமான குறி ஒன்று தோன்றிய பின்னரும் சோதிக்காதிருப்பதற்கு எப்பக்கத்தும் நியாயம் இல்லை.

அக்குறிகளை அறிதற்குப் பெரும் படிப்பு வேண்டா. காலையில் வீங்கும் கண்ணிமை. நாட்கணக்கில் நுரைத்து நிற்கும் சிறுநீர். தேநீர் நிறமாகவோ குருதி நிறமாகவோ மாறும் சிறுநீர். வயிற்றோட்டத்தின் பின் வெகுவாகக் குறைந்துபோன சிறுநீர். கைக்குழந்தையின் காரணமற்ற காய்ச்சல். படுக்கையை நனைக்கும் வழக்கம் விட்டுப்போன பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்குதல். வயதுக்கேற்ற வளர்ச்சியின்மையும் வெளிறிய முகமும். இவற்றுள் ஒன்றைக் காணும் தாய், தூய கலத்தில் எடுத்த காலைச் சிறுநீரோடு அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லட்டும். குறைமாதத்திலோ நிறை குறைந்தோ பிறந்த பிள்ளைகள், சிறுநீரக நோயுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் ஆகியோரிடத்து இக்கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். அங்கே பிள்ளையின் உயரமும் குருதி அமுக்கமும் அளக்கப்படுகின்றனவா என்று பணிவோடு கேட்பதிலும் தவறில்லை. பழைய அறிக்கைகளைக் களையாது சேர்த்து வைப்பதும் நன்று. நேற்றைய எண் அருகில் இருந்தாலன்றி இன்றைய எண்ணின் பொருள் விளங்காது.

பிறைற் வைத்தியரின் கரண்டியிலிருந்து நெப்ரின் வரை அறிவு வெகுதூரம் வந்துவிட்டது. இனியும் நுண்ணிய குறிகாட்டிகள் வரும், பொறிகளும் பெருகும். ஆயினும் காலையில் பிள்ளையின் முகத்தை நின்று பார்க்கும் ஒரு கண்ணும், அதன் சிறுநீரின் நிறத்தைக் கவனிக்கும் ஒரு மனமும் வீட்டில் இல்லையாயின், அச்செய்திகள் யாவும் உரியவரைச் சென்றடையாமலே போய்விடும். சிறுநீரகம் வாய் திறந்து பேசப்போவதில்லை. அதன் செய்தி நாள்தோறும் வெளிவந்துகொண்டே இருக்கின்றது. அதனைக் கேட்டறிவது பெரியோர் கடன்.